முட்டை மட்டை மணக்கும் அறை

பார்க்கிங்கில் ஒரு கடையின் பின்வாசலில் நனைந்து கிடந்த, முட்டை அடுக்கிவரும் மட்டைகளின் மணம் இன்று என்னை லண்டன் வால்தம்ஸ்டோவில் இடிபட்டுப்போன எங்கள் வீட்டின் சின்ன அறைக்குள் தள்ளிவிட்டது. அப்பா சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்க அந்த மட்டைகளை ஒட்டி, கதவிடுக்கில் கம்பளியைச் செருகி, அதை ஸ்ரூடியோ என்று அழைத்தார். மன்னாரில் ரேடியோ கேட்டே அமெரிக்கக் கன்ட்ரி இசைக் கிற்றார் பழகியவர் அவர். லண்டனில் பாடவந்த எங்கள் ஆட்கள் பலருடைய கசெற் அந்த அறையில்தான் பிறந்தது, அவர்களில் பாதிப்பேர் கிற்றார் பிடிக்கும் விதம்கூட அப்பாவுடையதுதான்.

ஊரிலிருந்து சித்தப்பா கடிதம் எழுதாமல் கசெற்றில் பேசி அனுப்புவார். கேட்டு முடித்ததும் அதே நாடாவில் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம்.

"தம்பிக்கு இந்த மெட்டுப் பிடிக்கும்" என்று அப்பா கடைசி முறையும் சித்தப்பாவுடைய குரலின் மேலேயே கிற்றார் வாசித்துப் பதிந்து அனுப்பினார். பெறுநர் இல்லையென்று கசெற் திரும்பி வந்தது. ஷெல்லடியில் சித்தப்பா செத்துப்போன செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

பிறகு அப்பா யாருக்கும் வாசிக்கவுமில்லை, பதியவுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாடாவை மட்டும் ஓடவிடுவார். தான் வெறுக்கத் தொடங்கிவிட்ட அந்தக் கிற்றாரை அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார், அது ஓய்ந்தபின் நாடாவின் கடைசியில் அழியாமல் மிஞ்சிய சித்தப்பாவின் குரலுக்காக:

"நாடா முடியப்போகுது அண்ணை, மிச்சத்தை அடுத்ததில சொல்லுறன்."