இரட்டுத் தொங்கிய வாசல்

மளிகைக் கடை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சணல் சாக்கு மழையில் நனைந்து கிளப்பிய வாடையில், பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை திரும்பி வந்தது. இன்று அங்கே கார் நிறுத்துகிறார்கள். அந்த அறைக்குக் கதவு கிடையாது. மண்டியில் மூட்டை தூக்கிய அப்பா கொண்டுவரும் கிழிந்த சாக்குகளை அம்மா கோணி ஊசியால் ஒட்டுப்போட்டு வாசலில் தொங்கவிட்டிருந்தாள், காற்றடித்தால் அதிலிருந்து வெங்காயச் சருகு உதிரும், கோடையில் தண்ணீர் தெளித்தால் அறை குளிரும், அந்தச் சாக்குத் திரையை அவள் ரெட்டு என்பாள்.

ஒரு தவக்கால ஞாயிறு, ஞானோபதேச வகுப்பில் உபதேசியார், அந்தக் காலத்தில் பாவத்துக்கு வருந்தியவர்கள் இரட்டு உடுத்தினார்கள் என்று சொல்லிவிட்டு, "இரட்டுன்னா என்ன, யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். தங்கை லூர்து கை உயர்த்தி எழுந்தாள்.

"எங்க வீட்டுக் கதவுங்கய்யா."

"ஏ புள்ள, அதுக்குப் பூட்டு எங்கிட்டுப் போடுவீக?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும் வழியில் கேட்டாள். "நான் தப்பாவாண்ணே சொன்னேன்?"

"ஆமா, தப்பு. இனிமே வாயத் தொறக்காத."

அதன்பிறகு அவள் எந்த வகுப்பிலும் கை உயர்த்தவில்லை, ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நான் தமிழாசிரியரானேன். இரட்டு என்றால் முரட்டுச் சாக்குத்துணி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன ஆண்டு லூர்து இறந்தாள். அன்று நீ சொன்னது சரிதான் என்று அவளிடம் மட்டும் சொல்லவே இல்லை.