ஐஸ் விழலை மேடம்

கல்லூரியில் படித்தபோது என் பேராசிரியை வீட்டில் அலுமினிய ஐஸ் தட்டின் பிடியை இழுத்தால் ‘கறக்’ என்று ஒரு சத்தம் வரும். ஐம்பது வருடமாகியும் காதைவிட்டுப் போகவில்லை. இப்போது ஃப்ரிட்ஜ் தானே தண்ணீர் இழுத்து, தானே உறையவைத்து, தானே தொட்டியில் தள்ளுகிறது. தள்ளாத நாட்களில் அம்பத்தூர் சர்வீஸ் சென்டரில் என் போன் அடிக்கிறது. விழாத ஐஸின் சத்தத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் என் தொழில்.

போன் மேசையில் உட்கார்ந்து நொந்தவர்களே, உங்களுக்குப் புரியும். எங்கள் மெக்கானிக் தில்லிபாபு வேலையை முடித்துக் கிளம்பியதும் வாடிக்கையாளரை ஓர் இயந்திரக் குரல் அழைத்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அழுத்தச் சொல்லும். வருடத்தில் மூன்று பேர் ‘ஒன்று’ அழுத்தினால் மெக்கானிக்கின் வேலை போய்விடும். பதினெட்டு வருட அனுபவத்தை நிறுக்க இதைவிட நல்ல தராசு கிடைக்குமா, சொல்லுங்கள்.

தண்ணீர் எதற்கு?

கத்திரி வெயிலில் ஐயப்பன்தாங்கலிலிருந்து ஓர் ஐ.டி. தம்பி கூப்பிட்டார். வீடு மாறியதிலிருந்து ஐஸ் விழவில்லையாம். தில்லிபாபு போய்ப் பார்த்தால், தண்ணீர் வரவேண்டிய குழாய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சமையலறையில் கேன் தண்ணீர் மட்டும்.

“இன்னா சார், தண்ணியே குடுக்காம ஐஸ் கேட்டா அது எங்க போவும்?” என்றிருக்கிறார் தில்லிபாபு. உண்மையைச் சொன்னதற்கு உடனே பலன் கிடைத்தது. ‘ஒன்று’ அழுத்திய கையோடு தம்பி எனக்கும் போன் போட்டார்: “பழைய வீட்ல ஓடின அதே ஃப்ரிட்ஜ்தானே மேடம்? ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பார்க்கக்கூடத் தெரியலை அவருக்கு!”

ஃப்ரிட்ஜின் நெற்றி

ஆயுத பூஜைக்கு மறுநாள், கோவில்பதாகையில் ஒரு வீட்டில் ஐஸ் விழவில்லை. தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க ஃப்ரீசருக்குள் கண் போல ஒரு சின்ன வில்லை இருக்கும். அதை மறைத்தால், தொட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்து இயந்திரம் சும்மா இருந்துவிடும். வெளியே பொட்டு வைத்தால் புது ஃப்ரிட்ஜில் கறை படியும் என்று, அந்த வீட்டு அம்மா உள்ளே அந்தக் கண்ணிலேயே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்.

தில்லிபாபு துணியால் ஒரு துடை துடைத்தார். கொஞ்ச நேரத்தில் ஐஸ் விழுந்தது. அதோடு இரண்டாவது ‘ஒன்று’ம் விழுந்தது. என் கணவர் போன அன்று என் நெற்றியிலிருந்து குங்குமத்தைத் துடைத்தவர்களுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை, நானும் ஃப்ரிட்ஜாகப் பிறந்திருக்கலாம். அந்த அம்மா சொன்னார்: “ஐஸ் விழுது, இல்லேங்கலை. அதுக்காக நல்ல நாளும் அதுவுமா குங்குமத்தை அழிச்சுட்டா போவாரு?”

தலை தீபாவளி

“இன்னும் ஒண்ணு வந்தா ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான், யம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் தில்லிபாபு நெமிலிச்சேரிக்குக் கிளம்பினார். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும் வீடு. அங்கே ஐஸ் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை விருந்துக்கு வாங்கிய கறிப் பைகளை ஃப்ரீசரில் திணித்ததில், அந்த மாடலில் கண்ணுக்குப் பதிலாகத் தொட்டிமேல் இருக்கும் கம்பி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. கம்பி தூக்கியிருந்தால் இயந்திரம் நின்றுவிடும். அவர் பைகளை நகர்த்தினார், கம்பி இறங்கியது. ஐஸ் விழும்வரை உட்காரவைத்து முறுக்கும் காபியும் கொடுத்து அனுப்பினார் வீட்டுக்கார அம்மா.

மறுநாள் கணினியில் மூன்றாவது ‘ஒன்று’ இருந்தது. பதறிப்போய் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏன் ஒன்று அழுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சந்தோஷமாகச் சொன்னார்: “தங்கமான புள்ளைம்மா அது! அதான் ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்தேன். போயும் போயும் அஞ்சாவது ரேங்கா குடுப்பாங்க?”

மேனேஜர் அறை

அந்த அம்மா சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி, மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் நல்லவர், முழுவதும் படித்தார். சிரித்தார்கூட. பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: “எனக்குப் புரியுது மேடம். ஆனா இதையெல்லாம் எழுத சிஸ்டத்துல கட்டம் இல்லையே.”

தில்லிபாபு இப்போது பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கிறார். ஐஸை அவரே சுத்தியலால் உடைத்துப் போடுகிறார், குடித்துவிட்டுப் போனவர்களை எந்தக் குரலும் கூப்பிட்டு மதிப்பெண் கேட்பதில்லை.