ஆறடி ஆளின் துப்பாக்கி

தோளில் சாய்வான், தூங்கமாட்டான். கன்னத்தோடு கன்னம் வைப்பான், கொஞ்சமாட்டான். யார் அவன்?

செத்த நேரம் யோசித்துப் பாருங்கள். வரவில்லையென்றால் நானே சொல்கிறேன்: துப்பாக்கியின் பின்பக்கத்து மரக்கட்டை. திண்டுக்கல்லில், உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில், அந்தக் கட்டைகளை அறுப்பதும் இழைப்பதும் ஒட்டுவதும் என் வேலை. இரும்பு முதலாளியின் பொறுப்பு, மரம் என்னுடையது. வேட்டைக்குத் தடை வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் வேட்டைக்குப் போனவர்களின் துப்பாக்கிகள் சில வீடுகளில் உரிமத்தோடு கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை முதலில் வாங்கியவர் நெடிய ஆளாக இருப்பார். அடுத்துத் தூக்குகிறவருக்குக் கை எட்டாது. தையல்காரர்களே, செருப்புத் தைப்பவர்களே, சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்குகிறவர்களே, நம் பாடெல்லாம் ஒன்றுதான். அளவு சரியாக இருந்தால் ஒருவரும் நம்மை நினைப்பதில்லை. கொஞ்சம் பிசகினால் வீடு தேடி வருவார்கள்.

என்னிடம் அடிக்கடி வந்துபோனது அகரத்து விவசாயி முத்துராசுவின் துப்பாக்கி. அவருடைய அப்பா ஆறடி ஆள். அந்தக் காலத்தில் சிறுமலைப் பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு போனவர். முத்துராசு நடுத்தர உயரம். வீட்டில் மற்ற எல்லாரும் அவரைவிடக் குட்டை.

அளவு ரவிக்கை

முதல்முறை அவர் வந்தது மனைவி வள்ளிமயிலுக்காக. மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். பன்றி இறங்கினால் வரப்பு மேட்டைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்ட வேண்டும். முத்துராசு பூ மார்க்கெட்டுக்குப் போகும் நாட்களில் காவல் வள்ளிமயில்தான். அவர் பேருக்கும் உரிமம் வாங்கியாயிற்று. ஆனால் கட்டையைத் தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டவில்லை.

“அளவெடுக்கணும், அவங்களைக் கூட்டிட்டு வாங்க” என்றேன். மறுநாள் அவர் மட்டும் வந்தார். மஞ்சள் பையிலிருந்து மடித்த ரவிக்கை ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை உள்ள நீளம்தான் எனக்கு வேண்டும். அந்த ரவிக்கையின் கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. நான் ரவிக்கையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: “டைலர் இதை வச்சு முழு ஆளுக்கே தச்சுத் தாராரு. உங்களுக்கு ஒரு கட்டையை வெட்டத் தெரியாதா?”

வீங்கிய மூக்கு

கடைசியில் வள்ளிமயிலே நேரில் வந்து கையை நீட்டினார். கட்டையின் பின்பக்கத்தில் ஒரு துண்டு அறுத்தேன். அவருக்குக் கச்சிதமாக அமைந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து முத்துராசு வந்தார். மூக்கு பச்சை வாழைக்காய்போல் வீங்கியிருந்தது. மனைவி அளவுக்குக் குறைத்த கட்டையை அவர் எடுத்து வெடித்திருக்கிறார். கட்டை குட்டையானால் கட்டைவிரல் மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது சொந்தக் கையே சொந்த மூக்கில் குத்தும்.

எங்கள் தெருவில் தோல் வியாபாரம் செய்யும் சாகுல் பாயிடம் போனேன். செருப்பு அடிக்குப் போடும் கெட்டித்தோலைக் கட்டையின் வடிவத்துக்கு வெட்டி அடுக்கி, இரண்டு திருகாணியால் கழற்றி மாட்டும்படி செய்து கொடுத்தார். முத்துராசு எடுத்தால் தோலை மாட்ட வேண்டும், வள்ளிமயில் எடுத்தால் கழற்ற வேண்டும். “ஒரே துப்பாக்கி, ரெண்டு சைஸ். செருப்புக்கடைக்காரன்கூட இப்படித் தரமாட்டான்” என்று பாய் பெருமைப்பட்டுக்கொண்டார். முத்துராசுவுக்குச் சந்தோஷம் பாதிதான். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பொண்டாட்டி குத்திட்டான்னு ஊரே சிரிக்குதுண்ணே. துப்பாக்கிதேன் குத்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.”

பக்கத்தில் நிற்பவர்

அவர்கள் மகள் தேன்மொழி வளர்ந்து எட்டாம் வகுப்புக்கு வந்தபோது ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். பயிற்சியாளர் கண்முன்னால், அட்டையைப் பார்த்துச் சுடுவது மட்டும்தான். தாத்தாவின் துப்பாக்கியிலேயே பேத்தி சுட வேண்டும் என்பது முத்துராசுவின் ஆசை. தோல் அடுக்கையெல்லாம் கழற்றியும் கட்டை அவளுக்கு நீளம், கனம் வேறு. மறுபடியும் அறுத்தேன். வெளியே தெரியாதபடி உள்பக்கத்து மரத்தைச் சுரைக்காய் குடைவதுபோலக் குடைந்து எடுத்தேன்.

குண்டில்லாத துப்பாக்கியைக் கொடுத்து, சுவரில் ஒட்டிய பொட்டைக் குறிபார்க்கச் சொன்னேன். குழல் முனை ஆடியது. “மூச்சை அடக்கு பாப்பா!” “தோளை ஏத்து!” “எங்கய்யா இப்படியா நின்னாரு?” எல்லாம் முத்துராசுதான். கனம் இன்னும் குறையவில்லையோ என்று நான் உளியைத் தேடினேன். தேன்மொழி துப்பாக்கியை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு என் காதருகே வந்தாள். “உளியெல்லாம் வேணாம் பெரியப்பா. அப்பாவைச் செத்த நேரம் டீக்கடைக்குப் போகச் சொல்லுங்க, கை தன்னால நிக்கும்.”

எந்தப் பக்கம்

கை நின்றது, குண்டுதான் அட்டையின் நடுவுக்கு வரவில்லை. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி விழுந்தன. மாவட்ட அணிக்கான தேர்வு அடுத்த ஞாயிறு. இப்படியே சுட்டால் பெயர் அனுப்ப முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அப்பா, அம்மா, மகள் மூவருமாகக் கடைக்கு வந்தார்கள். தேன்மொழியின் கண்கள் சிவந்திருந்தன.

இரண்டு கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவா என்றேன். ஓட்டை நேராக இடது கண்ணுக்குப் போனது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். அப்போதும் இடது கண்தான். அவள் குறி பார்ப்பது இடது கண்ணால், துப்பாக்கி இருப்பதோ வலது தோளில்.

“பீச்சாங்கைப் பக்கமா?” என்றார் முத்துராசு.

வள்ளிமயில் தலைகுனிந்தார். “சின்னதுல எல்லாத்துக்கும் அந்தக் கையைத்தேன் நீட்டுவா. நாந்தேன் கரண்டியால ரெண்டு போட்டுச் சோத்துக்கைக்கு மாத்துனேன்.”

“அது சோத்துக்கு சரிம்மா, கண்ணை எதை வச்சு அடிச்சு மாத்துறது?” என்றேன்.

இடது தோளுக்கு மாற்றுவதென்றால் அறுப்பதோடு போகாது. வலது தோளில் வைப்பவருக்காகக் கட்டையின் இடப்பக்கம் கன்னம் பதியும்படி ஒரு புடைப்பு இருக்கும். அதைச் சீவி எடுத்துவிட்டு வலப்பக்கம் ஒன்று ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் புடைத்திருந்தால் அவள் கைக்குக் கனம் கூடி, குழல் முனை மறுபடியும் ஆடும். முத்துராசு அந்த இடப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஆறடி ஆளின் கன்னம் பட்டுப் பட்டு அங்கே மரம் லேசாகக் குழிந்து, பளபளவென்று இருந்தது.

“இம்புட்டு வருசத்துல வாலை வெட்டுனீங்க, வயித்தைக் குடைஞ்சீங்க, ஒண்ணும் சொல்லல. இது எங்கய்யா மூஞ்சி இருந்த எடம்ணே” என்றார்.

“அப்ப சீவ வேணாம். வேற விளையாட்டுல சேரட்டும்” என்றார் வள்ளிமயில்.

“ஏ புள்ள, நீ செத்த சும்மா இரு” என்று மனைவியை அடக்கிவிட்டு, அவர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். இழைப்புளியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நானும் நின்றேன். கடைசியில் மகள் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு பாப்பா. உங்க தாத்தா பக்கமா, உன் பக்கமா?”

ரவிக்கையில் ஆரம்பித்து இத்தனை காலம் நாங்கள் எல்லாரும் மாற்றி மாற்றி அளந்தபிறகு, அளக்கப்பட்டவளை முதல்முறையாகக் கேட்டோம். தேன்மொழி, என் பக்கம், இடது தோள் என்றாள்.