தரை எழும்பிய அறை

தார் காய்ச்சும் வாடை எங்கே வந்தாலும் என் உள்ளங்கால் குளிர்ந்துபோகும். இப்போதும் தெருவில் சாலை போடுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில், காயல் என்கிற கடல்கழியை ஒட்டி, கொச்சங்காடியின் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் என் கணவர் வீட்டார் ஏழு பேரோடு நான். எனக்கு ஆறாம் மாதம். புரண்டு படுக்க இடமில்லை. கீழே ஆறு படி இறங்கினால் நிலவறை. ஈரம், இருட்டு, உப்புப் பூத்த சுவர்.

"இதைக் காயவெச்சுட்டா நமக்குன்னு ஒரு அறை," என்றார் கணவர். அவர் கொத்தனார், திருநெல்வேலிக்காரர். தண்ணீர் என்றால் மேலேயிருந்து விழும், இல்லை கிணற்றுக்குள் அடங்கிக் கிடக்கும். அவர் கண்டது அவ்வளவுதான்.

சுவருக்குத் தார் பூசினார். தரைக்குப் புது சிமெண்ட் போட்டார். நடுவில் தேங்காய் நுழையுமளவு ஒரு பழைய துளை, அதையும் அடைத்தார். வள்ளம் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டுச் சேட்டன் படியில் நின்று பார்த்தார்.

"அதை மூடண்டா. விருச்சிக மாசம் காயல் ஏறும்போ வெள்ளம் அடியிலிருந்து வரும். அதுக்கு ஒரு வழி வேணும்."

"கெணத்தையே பூசினவன் நான், சேட்டா. உங்க காயல் என்கிட்ட வாலாட்டாது."

"வாலு இல்ல, அதுக்கு முதுகாணு, முட்டித் தூக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார் சேட்டன்.

ஒரு மாதம் எலும்பு போலக் காய்ந்து கிடந்தது அறை. பாய், ஸ்டவ், அம்மி எல்லாம் இறக்கினேன். ஆனாலும் குனிந்து பெருக்கும்போதெல்லாம் தரைக்கு அடியில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

சேட்டன் சொன்ன விருச்சிகம், நம் கார்த்திகை, வந்தது. ஒரு காலை, அவர் குளிக்கப் போயிருந்தார். டிக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பாய் தானாக உயர்ந்தது. சிமெண்ட் என் வயிற்றைப் போலவே மேடு கட்டியது. கதவுக்கு ஓடினேன். உள்பக்கம் திறக்கும் கதவு; எழும்பிய தரை அதைக் கவ்விப் பிடித்திருந்தது. கத்தினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அவர் வெளியேயிருந்து தோளால் மோதினார். மோத மோதக் கதவு இன்னும் இறுகியது.

சேட்டனின் குரல் வந்தது. "மோளே, கேட்டோ. அந்த அடைப்பை உடைக்கு."

"தண்ணி உள்ள வந்துருமே."

"வரட்டே. கணுக்கால் வரைதான் வரும். எனக்கு இந்தக் காயலைத் தெரியும்."

எனக்குத் தெரியாதே. பூட்டிய அறைக்குள் தண்ணீரை நானே கூப்பிடுவதா? அம்மிக் குழவியைத் தூக்கினேன். மூன்றாம் அடியில் அடைப்பு உடைந்து, கறுத்த நீர் ஒரு முழ உயரத்துக்குப் பீறிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி நின்றேன். பாதம் நனைந்தது. கணுக்கால். அங்கே நின்றுவிட்டது. மேடு மெல்லத் தணிந்தது. கதவு விரலளவு அசைந்தது, பிறகு திறந்தது.

அவர் உள்ளே வந்து தண்ணீரிலேயே குந்தினார். என் காலைத் தன் துண்டால் துடைத்தார்.

அந்த வாரமே பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். ரயில் நகர்கிற நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "புள்ளையோட வருவல்ல?"

"கீழ வேண்டாம். மாடியில நமக்கு ஒரு மூலை ஒழியட்டும்," என்றேன். "ஒழிஞ்சதும் கடிதாசி போடுங்க, வாரேன்."

"போடுதேன்," என்றார்.