மாசியில் ஒரு பொங்கல் புத்தகம்

இசக்கிச்செல்வியின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். புரட்டாசியில் இருந்து மாசி வரை முப்பது பேர்தான். அந்த ஒரு பிள்ளை எங்கே போகிறது, ஏன் போகிறது என்பது அவருக்கு எப்போதும் தெரியும். போவதால் அதற்கு என்ன தவறிப்போகிறது என்பது தெரிய, போன மாசியில் ஆட்டுக்கிடையில் போய் உட்கார வேண்டியிருந்தது.

நாகலாபுரத்துக்கு மேற்கே, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். இசக்கிச்செல்வி கோவில்பட்டிக்காரர். அம்மா தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினார். மகள் ஆசிரியர் பயிற்சி முடித்து இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், கோவில்பட்டிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கினார். கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தைக்குப் போட்ட வைக்கோலில் ஒரு பூனை ஏறிப் படுத்துக்கொண்டு, எழுந்திரிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கதை. வகுப்பில் படத்தைக் காட்டிச் சத்தமாக வாசித்தார். பூனையை விரட்டும் இடம் வந்ததும் வகுப்பே எழுந்து நின்று விரட்டியது.

மறுநாளும் அதுவே வேண்டும் என்றார்கள். அதற்கு மறுநாளும். பங்குனி வெயிலில்கூட, கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் "பூனை டீச்சர், பூனை!" என்று குரல் வந்தது.

அப்போதுதான் அவர் ஒரு சட்டம் போட்டார். பண்டிகைப் புத்தகம் அந்தந்தப் பண்டிகைக்கு முந்திய வாரம் மட்டும். பண்டிகை முடிந்தால் புத்தகம் தூங்கும். தூங்குவதற்கு ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையும் தொங்கவிட்டார். சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. பிள்ளைகள் பண்டிகைக்குக் காத்திருந்ததைவிடப் புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள். தீபாவளிக் கதையில் நனைந்துபோன வெடி ஒன்று கடைசிப் பக்கத்தில் வெடிக்கும். அன்றைக்கு முப்பது பேரும் "டமார்" என்று கத்துகிற கத்தலில் சத்துணவு சமைக்கும் ராதாமணி கரண்டியோடு வெளியே ஓடிவருவார். ரம்ஜானுக்குப் பிறை தேடுகிற அண்ணன் தங்கை கதை. பொங்கலுக்கு, பானை பொங்கும் வரை பொறுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரும் கன்றுக்குட்டி கதை. கன்று "பொங்கிட்டா?" என்று கேட்கும். வகுப்பு "இன்னும் இல்லை!" என்று கத்தும்.

மூன்றாம் வகுப்பு கிருஷ்ணப்ரியாவுக்கு, ரம்ஜான் கதை தவிர, இது எதுவும் தெரியாது. அவள் அப்பா தங்கசாமி ஆட்டு மந்தை வைத்திருப்பவர். புரட்டாசியில் கரிசலில் விதை விழுந்துவிட்டால் ஆடு கால் வைக்க இடமில்லை. மந்தையையும் குடும்பத்தையும் மேற்கே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோவார். அறுப்பு முடிந்து மாசியில் திரும்புவார். பிறகு அறுத்த காடுகளில் இரவு இரவாக ஆடுகளை அடைத்து உரம் போடும் கிடை வேலை. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றும் அவர்கள் ஊரில் இல்லாத மாதங்களில் வந்து போய்விடும்.

போன மாசியில் திரும்பி வந்தவள், இடைவேளையில் மற்றவர்கள் கன்றுக்குட்டி விளையாட்டு விளையாடுவதைப் பார்த்தாள். "பொங்கிட்டா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் கத்த, இவள் மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேராக ஆசிரியையிடம் வந்தாள்.

"டீச்சர், அந்தக் கன்னுக்குட்டிப் புத்தகத்த எனக்கு வாசிக்குதீங்களா?"

"அது தூங்குதுட்டி. தை வரட்டும், வாசிக்கேன்."

"தையில நான் இங்கன இருக்க மாட்டனே டீச்சர்."

இசக்கிச்செல்வி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வாய்ப்பாடு நடத்தப் போய்விட்டார்.

மறுநாள் கிருஷ்ணப்ரியா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஐந்தாம் வகுப்பு மாரிராஜிடம் கேட்டார்.

"அவிய கிடையில இருக்கா டீச்சர். இனிமே வர மாட்டாளாம். குட்டி மேய்க்கப் போறாளாம்."

"யாருலே சொன்னா, அவ அப்பாவா?"

"அவளேதான்."

அதற்கு முந்திய வருடம் இன்னொரு மந்தைக்காரர் வீட்டுப் பையன் இப்படித்தான் நின்றான். திரும்பவேயில்லை. விசாரித்ததில், தங்கசாமியின் கிடை செவ்வாய்க்கிழமை ஓட்டப்பிடாரம் பக்கம் மாறுகிறது என்று தெரிந்தது. பிள்ளை அம்மாவோடு ஊரில் தங்குமா, அப்பாவுக்குப் பின்னால் போகுமா என்பது அதற்குள் முடிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இசக்கிச்செல்வி துணிப்பையைக் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

"வாங்க டீச்சர்," என்றார் தங்கசாமி. "நான் போகச் சொல்லிட்டேன். அவதான் ஆட்டுக்குப் பின்னால வாரேங்கா."

அவள் கிடையைச் சுற்றி அடைத்த படலுக்குள் ஆடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு ரிப்பன் மட்டும் தெரிந்தது. வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அறிவுரையை இசக்கிச்செல்வி விட்டுவிட்டார். புத்தகத்தை எடுத்தார்.

"அண்ணாச்சி, நான் ஒரு பத்து நிமிசம் ஆடுகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்."

"ஆட்டுக்கா?"

"ஏன், கேக்காதா?"

"கேக்கும். திங்கவும் செய்யும். ஒசத்திப் பிடிங்க."

வாசித்தார். முதல் "பொங்கிட்டா?"வுக்கு ஒரு தாயாடு மட்டும் பதில் சொன்னது. அடுப்படியில் இருந்த முப்பிடாதி, கிருஷ்ணப்ரியாவின் அம்மா, சிரித்துவிட்டார். அடுத்த தடவை அவரே "இன்னும் இல்ல" என்றார்.

"கன்னுக்குட்டிய அடுப்புகிட்ட யாரு விடுவா? மொதல்ல அதக் கட்டிப் போடச் சொல்லுங்க," என்றார் தங்கசாமி.

"கதையில்லா? சும்மா கேளும்," என்றார் முப்பிடாதி.

மூன்றாவது "பொங்கிட்டா?"வுக்கு ஆடுகளுக்கு நடுவில் இருந்து, கோபம் இன்னும் போகாத ஒரு குரல் வந்தது. "இன்னும் இல்ல!"

கதை முடிந்ததும் முப்பிடாதி, "முதல்லருந்து இன்னொருக்க," என்றார். இரண்டாவது வாசிப்பில் கிருஷ்ணப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கையால் பக்கம் புரட்டினாள். மறு கையால், படத்தில் இருந்த கரும்பை நோக்கி வந்த ஆட்டுக்குட்டியின் மூக்கைத் தள்ளினாள்.

"இத நாளைக்குப் பள்ளிக்கூடத்துல நான்தான் வாசிப்பேன். நீங்க வாசிக்கக் கூடாது," என்றாள்.

"சரி."

"மாரிராஜ் சிரிச்சான்னா?"

"சிரிச்சான்னா அவன அடுத்த பக்கம் வாசிக்கச் சொல்லுவேன். அவன் எழுத்துக் கூட்டுத அழகு உனக்குத் தெரியும்லா?"

கிருஷ்ணப்ரியாவுக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் சிரித்தாள்.

திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முந்திய அரைமணி நேரம். பொங்கல் புத்தகம் வெளியே வந்ததும் மாரிராஜ் எழுந்துவிட்டான்.

"டீச்சர், பண்டிகை முடிஞ்சா புத்தகம் தூங்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"எழுப்பிட்டேன். உக்காருலே."

கிருஷ்ணப்ரியா தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தாள். மற்றவர்களுக்குக் கதை மனப்பாடம் என்பதால் அவள் நின்ற இடமெல்லாம் எடுத்துக்கொடுத்தார்கள். "எனக்குத் தெரியும், வாய மூடுங்க!" என்று அதட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். "பொங்கிட்டா?" என்று அவள் கேட்டபோது முப்பது பேரும் பதில் சொன்னார்கள். பானை பொங்கிய பக்கத்தில் "பொங்கலோ பொங்கல்!" என்ற சத்தம் ஊருக்குள் கேட்டது.

மாசி, குலதெய்வக் கோயில்களில் பொங்கல் வைக்கிற மாதம். பள்ளிக்கூடத்தில் யாரோ நேர்ந்துகொண்டு சர்க்கரைப் பொங்கல் போடுகிறார்கள் என்று எண்ணி, தெருவில் இருந்து இரண்டு பெண்கள் தூக்குவாளியோடு வந்துவிட்டார்கள்.

"எங்கன போடுதாவ?" என்று கேட்டார்கள்.

"புத்தகத்துல போடுதாவ. வாளியக் கொண்டாங்க, சாம்பாரு ஊத்துதேன்," என்றார் ராதாமணி.

செவ்வாய்க்கிழமை கிடை ஓட்டப்பிடாரம் பக்கம் போனது. தங்கசாமி தனியாகப் போனார். முப்பிடாதியும் மகளும் ஊரில் தங்கினார்கள். அந்த வாரமே தீபாவளி வெடி வெடித்தது, கிறிஸ்துமஸ் பூனையை விரட்டி முடித்தார்கள். இனிமேல் ஒவ்வொரு மாசியிலும், திரும்பி வந்தவர்களுக்காக எல்லாப் புத்தகமும் ஒரு வாரம் விழித்திருக்கும் என்று இசக்கிச்செல்வி சட்டத்தைத் திருத்தினார். பழைய சட்டமே நல்லது என்று மாரிராஜ் மட்டும் சொன்னான். அவனும் கத்தாமல் இருக்கவில்லை.

வரும் புரட்டாசியில் மந்தை மறுபடி மேற்கே கிளம்புகிறது. கிருஷ்ணப்ரியாவின் பையில் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் புத்தகங்கள் மூன்றும் போகின்றன. ரம்ஜான் புத்தகம் பள்ளியிலேயே இருக்கும். அந்தப் பண்டிகை மார்ச்சில் வருகிறது, அதற்குள் அவள் ஊர் திரும்பிவிடுவாள்.