பின் ஷாப்ட் இல்லாமல் ஏறிய ஜீப்

எண்பதுகளின் கடைசியில், செண்பகத்தோப்பு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் மாந்தோப்புக்குப் போய்வர ஒரு பழைய ஜீப் தேடினேன். முன்பு வாங்கிய ஜீப்பில், நாலு சக்கரங்களையும் இழுக்கவைக்கும் ஃபோர்வீல் லீவர் வெறும் அலங்காரம். முன்சக்கரங்கள் இழுக்கவே இல்லை. ஓடை மணலில் புதைந்த பிறகுதான் அது தெரிந்தது. இந்த முறை ஏமாறக் கூடாதென்று வீம்பாக இருந்தேன்.

விலை பேசி முடித்ததும், ஜீப்பை விற்க வந்த ராஜபாளையத்துக்காரர் தார் ரோட்டிலேயே லீவரைப் போட்டுக் காட்டினார். "நல்லா இழுக்கும்மா, நம்புங்க."

"ஓடையில பாத்துட்டு நம்புதேன்" என்றேன்.

ஓடைக்கு வந்ததும், பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் ஷாப்டை, நான் கூட்டி வந்த மெக்கானிக்கை விட்டுக் கழற்றவைத்தேன். இனி முன்சக்கரங்கள் இழுத்தால்தான் வண்டி நகரும்.

விற்பவர் முகம் சுருங்கியது. "இப்படி யாரும் பாக்க மாட்டாவ."

லீவரைப் போட்டு நானே ஓட்டினேன். ஜீப் மணலை வாரி இறைத்தபடி மெல்ல மெல்லக் கரையேறியது.

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இம்புட்டு இழுக்கும்னு எனக்கே தெரியாது. விக்க மனசில்லம்மா."

கிரீஸ் பிசுபிசுத்த ஷாப்டைத் தூக்கிச் சேலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்போ முன்சக்கரத்துலயே ஊர் போய்ச் சேருங்க. இது என்கூட வருது."