மேடு பார்க்காத கார்

யாழ்ப்பாணத்திலிருந்த அந்தப் பழைய இங்கிலாந்துக் காரை நேரில் பார்க்காமலே வாங்கினேன். அடிப்பாகம், இஞ்சின் இலக்கம், காலையில் ஸ்டார்ட் ஆகும் சத்தம் எல்லாவற்றையும் வீடியோவில் சரிபார்த்திருந்தேன். “ஏத்தம் ஏறுமா?” என்றும் மறக்காமல் கேட்டேன்.

“ஓம், வடிவா ஏறும்” என்றார் உரிமையாளர்.

வாங்கிய பிறகு மனைவி சிரித்தாள். “யாழ்ப்பாணத்துல ஏத்தம் எங்கங்க இருக்கு?”

மறுபடி அவரை அழைத்தேன். “பாலத்திலை ஏறி இறங்கினது, அண்ணை” என்றார்.

இஞ்சின் சத்தத்தை நான் நம்பினேன். மலைநாட்டில், மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்குப் போகும் செங்குத்துச் சந்தின் அடியில் லொறி காரை இறக்கியது. முதல் கியரில் எடுத்தேன். வாசல்வரை நிற்காமல் ஏறியது.

உடனே அவருக்குச் சொன்னேன்.

“உண்மையாவோ, அண்ணை?” என்றார்.